'ஜாஸ்' படம் சுறாக்களைக் கொன்றதா? 50 வருடமாக ஓயாத ஒரு விமர்சனச் சண்டை

கோடைகாலக் கடற்கரை. தண்ணீரில் குழந்தைகள், மணலில் அம்மாக்கள், டிரான்ஸிஸ்டர் சத்தம். ஊரின் போலீஸ் அதிகாரி மட்டும் குளிக்கப் போகாமல் அலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடலுக்குள் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்று மேயர் வாயை அடைத்துவிட்டார்.

இந்தக் காட்சியைப் படமாக்கியபோது இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு வயது 27. 1975 ஜூன் 20-ல் அமெரிக்காவில் வெளியான 'ஜாஸ்' 2025-ல் 50 வருடத்தைத் தொட்டது. ஆகஸ்ட் கடைசியில் படம் மறுபடி தியேட்டருக்கு வந்தது. அதைப் பார்க்க இன்றைய இளைஞர்களும் டிக்கெட் எடுத்தார்கள்.

ஆனால் இந்தப் படத்தைப் பற்றி எப்போது பேச்சு எழுந்தாலும் அது இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. சினிமா ஆட்கள் 'மாஸ்டர் பீஸ்' என்பார்கள். கடல் உயிரியல் ஆட்கள் செத்த சுறாக்களின் கணக்கை எடுத்து வைப்பார்கள். நடுவில் ஸ்பீல்பெர்க்கே, 2022 டிசம்பரில் பிபிசி வானொலியில், சுறாக்களின் எண்ணிக்கை சரிந்ததற்குத் தன் படமும் அதன் மூலக்கதையான நாவலும் காரணமாகிவிட்டதே என்று வருத்தம் தெரிவித்தார். சுறாக்கள் தன்மேல் கோபமாக இருக்குமோ என்றுகூடச் சொன்னார்.

உலகமே கொண்டாடும் படத்துக்கு அதை எடுத்தவரே வருத்தம் தெரிவிக்கிறார். அவ்வளவு பெரிய குற்றமா அது?

அன்றைய ரிவ்யூ என்ன சொன்னது?

'ஜாஸ்' வந்த அன்றே எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று நினைத்தால் அது தப்பு. ரோஜர் ஈபர்ட் நான்கு ஸ்டார் கொடுத்துக் கொண்டாடினார். நியூயார்க் டைம்ஸின் வின்சென்ட் கேன்பி, பயமுறுத்தும் வேலையைப் படம் சரியாகச் செய்கிறது, ஆனால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தால் கதை நிற்காது என்கிற தொனியில் எழுதினார். லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸின் சார்ல்ஸ் சாம்ப்ளினுக்குப் படம் பிடிக்கவே இல்லை. இவ்வளவு ரத்தம் உள்ள படத்தைப் பெற்றோரின் துணையோடு குழந்தைகள் பார்க்கலாம் என்று எப்படி அனுமதித்தார்கள் என்பது அவரது கோபம். கடலில் நீந்தும் இளம்பெண்ணைக் கேமரா பார்க்கும் பார்வையும், முதல் பலி அவளாகவே இருப்பதும் பெண்ணிய விமர்சகர்களை உறுத்தின.

ஆஸ்கரிலும் இந்தக் குழப்பம் தெரிந்தது. எடிட்டிங், இசை, ஒலி என்று மூன்று விருது. சிறந்த படத்துக்குப் பரிந்துரையும் உண்டு. இயக்குநர் பட்டியலில் மட்டும் ஸ்பீல்பெர்க் பெயர் இல்லை. சுறாதான் படத்தை எடுத்தது என்று நினைத்தார்களோ என்னவோ!

நிஜத்தில் அந்தச் சுறா வேலையே செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. ஸ்பீல்பெர்க்கின் வழக்கறிஞர் பெயரையே வைத்து 'புரூஸ்' என்று அழைக்கப்பட்ட அந்த இயந்திரச் சுறா, உப்புத் தண்ணீர் பட்டதும் மக்கர் பண்ணியது. 55 நாள் திட்டமிட்ட படப்பிடிப்பு 159 நாளாக நீண்டது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலேயே காட்சிகளை எடுத்தார்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கும் கேமரா, மிதக்கும் மஞ்சள் பீப்பாய், ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டே ஸ்வரம். படம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுறாவின் முழு உருவத்தை நாம் பார்ப்பதில்லை. இன்றைக்கு விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் அந்த டெக்னிக், ரிப்பேரில் பிறந்தது.

பிறகு காற்று மாறியது. 2001-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'ஜாஸ்' சேர்க்கப்பட்டது. கூடவே இன்னொரு புகாரும் வந்து ஒட்டிக்கொண்டது: ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான தியேட்டர், டிவியில் சரமாரியாக விளம்பரம் என்று கோடைகால 'பிளாக்பஸ்டர்' வியாபாரத்துக்கு வழிகாட்டி, நிதானமான அமெரிக்கப் படங்களின் காலத்தை இது முடித்துவைத்தது என்று. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் 'ஜாஸ்' படத்திலேயே எவ்வளவு நேரம் மூன்று பேர் படகில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பார்த்தால், பின்னால் வந்த இரைச்சல் படங்களின் பாவத்தை இதன் தலையில் மொத்தமாகக் கட்ட முடியாது.

வில்லன் சுறாவா, மேயரா?

இந்தப் படத்துக்கு 2020-ல் ஒரு புது ரிவ்யூ கிடைத்தது, மீம் வடிவத்தில். கொரோனா நேரத்தில் 'எல்லாம் திறந்துதான் இருக்கும்' என்று அடம்பிடித்த தலைவர்களை நெட்டிசன்கள் 'ஜாஸ்' மேயர் லாரி வானோடு ஒப்பிட்டார்கள். சீசன் வியாபாரம் போய்விடும் என்று கடற்கரையை மூட மறுக்கும் ஆள் அவர்.

இதில் இன்னும் ருசியான ஒரு தகவல்: பிற்பாடு பிரிட்டன் பிரதமரான போரிஸ் ஜான்சன், அதற்குப் பல வருடம் முன்பே, 'ஜாஸ்' படத்தின் நிஜ ஹீரோ அந்த மேயர்தான் என்று பேசியிருந்தார். பெருந்தொற்று வந்ததும் அந்தப் பேச்சைத் தோண்டி எடுத்து வைத்துச் செய்தார்கள்.

1975-லேயே அமெரிக்கர்களுக்கு இது புரிந்திருக்கும். வாட்டர்கேட் ஊழலில் நிக்சன் பதவி விலகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. உண்மையை மறைக்கும் அதிகாரி என்பது அன்று அவர்களுக்கு ஃப்ரெஷ்ஷான காயம். அந்த அளவில் 'ஜாஸ்' அரசாங்கத்தைப் பற்றிய படம். சுறா என்ற இடத்தில் வெள்ளத்தையோ தொற்றுநோயையோ வைத்தாலும் கதை ஓடும்.

ஆனால் வைத்தது சுறாவை. பார்த்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனதும் சுறாவைத்தான்.

உயிரியலாளர்களின் ரிவ்யூ

படத்தில் வருவது 25 அடி வெள்ளைச் சுறா. நிஜத்தில் ஒரு வெள்ளைச் சுறா 20 அடியைத் தொட்டாலே அபூர்வம். அதனால், ஆஸ்திரேலியக் கடலில் நிஜச் சுறாவைப் படம் பிடித்த ரான், வலேரி டெய்லர் தம்பதி, சின்னக் கூண்டு ஒன்றில் உயரம் குறைந்த நடிகரை இறக்கிச் சுறாவைப் பெரிதாகக் காட்ட வேண்டியிருந்தது.

உருவத்தைவிடப் பெரிய பொய் அதன் நடத்தை. ஒரே ஒரு சுறா ஒரு தீவைக் குத்தகைக்கு எடுத்தது மாதிரி அங்கேயே சுற்றி, ஆளுக்கு ஆள் தின்கிறது. மனித ரத்தம் ருசித்த 'தனிச் சுறா' என்ற இந்த எண்ணம் நாவலாசிரியர் பீட்டர் பெஞ்ச்லியின் சொந்தக் கற்பனை கிடையாது. விக்டர் காபில்சன் என்ற ஆஸ்திரேலிய அறுவை சிகிச்சை மருத்துவர் 1950-களில் பரப்பிய கருத்து அது. பிறகு வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. 1987-ல் வந்த நான்காவது பாகத்தில், போலீஸ் அதிகாரியின் குடும்பத்தைப் பழிவாங்கச் சுறா பஹாமாஸ் வரை போகும். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

இதெல்லாம் சினிமாதானே, யார் நம்பப் போகிறார்கள்? சிட்னி பல்கலைக்கழகத்தில் இருந்த கிறிஸ்டோபர் நெஃப் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் முக்கியமாகிறது. 'ஜாஸ் விளைவு' என்று அவர் குறிப்பிடுவது மூன்று நம்பிக்கைகளை: சுறா வேண்டுமென்றே மனிதனைக் கடிக்கிறது, கடித்தால் சாவுதான், அந்தச் சுறாவைக் கொன்றால் பிரச்சினை தீர்ந்துவிடும். மூன்றுமே படத்தின் கதை. இதே மூன்றையும் மேற்கு ஆஸ்திரேலிய அரசு தன் கொள்கை விளக்கத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது என்பது அவரது குற்றச்சாட்டு.

அந்தக் கொள்கை காகிதத்தோடு நிற்கவில்லை. கடற்கரையில் அடுத்தடுத்து சில உயிர்கள் போனதால், 2014 தொடக்கத்தில் அங்கே இரை மாட்டிய பெரிய தூண்டில்களைக் கடலில் கட்டினார்கள். மூன்று மாதத்தில் 172 சுறாக்கள் மாட்டின. பெரும்பாலானவை புலிச் சுறாக்கள். எந்த வெள்ளைச் சுறாவுக்குப் பயந்து இதையெல்லாம் செய்தார்களோ, அதில் ஒன்றுகூட மாட்டவில்லை.

பயந்த ஜனங்களுக்கு 'ஏதோ செய்கிறோம்' என்று காட்ட வேண்டிய நெருக்கடி எந்த அரசுக்கும் வரும். உறவை இழந்தவர்களின் பயம் பொய் கிடையாது. ஆனால் என்ன செய்வது என்ற யோசனையை 40 வருடப் பழைய சினிமா எடுத்துக் கொடுத்தது என்றால், அந்தப் படத்துக்கான ரிவ்யூவைத் தியேட்டருக்கு வெளியிலும் எழுதத்தான் வேண்டும்.

சரி, சுறாக்களைக் கொன்றது யார்?

ஸ்பீல்பெர்க் வருத்தம் தெரிவித்ததும், 'பரவாயில்லை சார், இது உங்கள் தப்பு இல்லை' என்று சொன்னவர்கள் சுறாப் பாதுகாப்பு ஆட்களேதான். பிரிட்டனின் 'ஷார்க் டிரஸ்ட்' அமைப்பின் தலைவர் பால் காக்ஸ், படத்துக்கு அவ்வளவு பெரிய பங்கைக் கொடுப்பது அதிகம், காரணம் அளவுமீறிய மீன்பிடிப்பு என்று தெளிவாகவே சொன்னார்.

கணக்கும் அவர் பக்கம்தான். 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வின்படி, ஆழ்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 1970-லிருந்து 71% குறைந்துவிட்டன. அதே காலத்தில் அவற்றின் மீதான மீன்பிடி அழுத்தம் 18 மடங்கு கூடியிருக்கிறது. 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த இன்னொரு ஆய்வு, மீன்பிடிப்பில் சாகும் சுறாக்களின் எண்ணிக்கை 2012-ல் ஆண்டுக்கு 7.6 கோடி என்றும், 2019-ல் குறைந்தது 8 கோடி என்றும் மதிப்பிட்டது. துடுப்பை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் எறிவதற்கு எதிரான சட்டங்கள் உலகமெங்கும் பெருகிய காலம் அது. அப்படியும் சாவு குறையவில்லை. முழுச் சுறாவையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள், இறைச்சிக்கும் சந்தை வளர்ந்தது.

மறுபக்கம், 2024-ல் உலகம் முழுக்கச் சுறாக்கள் தாமாகத் தாக்கிய சம்பவங்கள் 47. அதில் இறந்தவர்கள் 4 பேர். புளோரிடா பல்கலைக்கழகம் பராமரிக்கும் சர்வதேசப் பதிவேட்டின் கணக்கு இது.

இந்த 8 கோடியில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. சுறாவை அதிகம் பிடிக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடல் சுறாப் பிடிப்பில் பெயர் பெற்றவர்கள். பிள்ளை பெற்ற வீட்டில் பால் சுறாப் புட்டு கிண்டுவது இங்கே மருத்துவம் மாதிரி. சுறாத் துடுப்பு ஏற்றுமதியை இந்தியா 2015-ல் தடை செய்தது. சில இனங்கள் 2001-லிருந்தே வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் இருக்கின்றன. இங்கே சுறா பிடித்தவர்கள் 'ஜாஸ்' பார்த்துவிட்டா கடலுக்குப் போனார்கள்? பிழைப்புக்கும் சாப்பாட்டுக்கும் போனார்கள். உலகின் பெரும்பாலான துறைமுகங்களின் கதையும் இதுதான்.

அப்போ படம் நிரபராதியா? முழுசாக இல்லை.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் 'ஜாஸ்' வந்த பிறகு சுறா பிடிக்கும் போட்டிகள் பெருகின. பெரிய சுறாவைத் தொங்கவிட்டு போட்டோ எடுத்துக்கொள்வது வீரமானது. எண்ணிக்கையில் இது வணிக மீன்பிடிப்புக்குப் பக்கத்தில்கூட வராது. படத்தின் நிஜமான பங்கு வேறு இடத்தில் இருக்கிறது: சுறா சாவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

திமிங்கிலத்தோடு ஒப்பிட்டால் இது புரியும். 1970-ல் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாடல் இசைத்தட்டாக வந்தது. ஜனங்கள் உருகினார்கள். 'திமிங்கிலத்தைக் காப்போம்' என்று தெருவுக்கு வந்தார்கள். 1982-ல் வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்த சர்வதேச ஆணையம் முடிவெடுத்தது. அதே பத்தாண்டில் சுறாவுக்குக் கிடைத்த இசை, அந்த இரண்டு ஸ்வரம். அமெரிக்க அரசு அட்லாண்டிக் சுறாக்களுக்கு முதல் மீன்பிடி மேலாண்மைத் திட்டம் கொண்டுவரவே 1993 ஆகிவிட்டது. படம் வந்து 18 வருடம். அந்த இடைவெளிக்குப் படத்தை மட்டும் பழி சொல்ல முடியாது. ஆனால் தேர்தலில் நிற்கும் யாருக்குத்தான் 'ஜாஸ்' மிருகத்துக்காகப் பரிந்து பேசத் தைரியம் வரும்?

நாவலாசிரியர் பெஞ்ச்லிக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. இப்போது தெரிந்த விஷயங்கள் அப்போது தெரிந்திருந்தால் அந்தக் கதையை எழுதியிருக்க முடியாது என்று சொன்னவர், 2006-ல் இறக்கும் வரை சுறாப் பாதுகாப்புக்காகப் பேசினார். டெய்லர் தம்பதியும் அதே பாதைக்கு வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1984-ல் சாம்பல் நர்ஸ் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்ததில் அவர்களின் பிரசாரத்துக்குப் பெரிய பங்குண்டு. படத்தில் வரும் சுறா ஆராய்ச்சியாளர் ஹூப்பரைப் பார்த்துத்தான் கடல் உயிரியல் படிக்க வந்தோம் என்று சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு.

பாரிஸ் வரை வந்த சுறா

50 வருடத்தில் சுறா சினிமா திருந்தியதா? தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 109 சுறாப் படங்களைப் பார்த்து 2021-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 96% படங்களில் சுறா மனிதனுக்கு ஆபத்தாகவே காட்டப்படுகிறது. ஆபத்தே இல்லாததாகக் காட்டியது ஒரே ஒரு படம், 'ஃபைண்டிங் டோரி'.

2024 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்து டிரெண்டான பிரெஞ்சுப் படம் 'அண்டர் பாரிஸ்' இதற்கு நல்ல உதாரணம். பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரம் முன்பு வந்தது. செய்ன் நதிக்குள் ஒரு மாகோ சுறா, நதியில் டிரையத்லான் போட்டி, நிறுத்த மாட்டேன் என்று நிற்கும் மேயர். ஆமாம், லாரி வானின் பாரிஸ் தங்கச்சி.

நன்னீரில் சுறா வாழுமா என்றால், காளைச் சுறா வாழும். உடலின் உப்பைச் சமன்செய்யும் திறன் அதற்கு உண்டு. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட காளைச் சுறாக்கள், ஆஸ்திரேலியாவில் ஒரு கோல்ஃப் மைதானக் குளத்தில் வருடக்கணக்கில் வாழ்ந்திருக்கின்றன. மாகோவால் முடியாது. ஆண் துணையில்லாமல் சுறா குட்டி போடுவது மட்டும், நம்பக் கஷ்டமாக இருந்தாலும், நிஜம். அமெரிக்காவின் ஒமாஹா உயிரியல் பூங்காவில் 2001-ல் ஒரு சுறாவுக்கு நடந்தது.

விமர்சகர்களில் பலர் லாஜிக்கை மன்னித்துவிட்டார்கள். கடைசி 25 நிமிடம் அசத்தல் என்று ஸ்டீபன் கிங்கே பாராட்டினார். ஒலிம்பிக்ஸ் பந்தாவைக் கிண்டலடிக்கும் துணிச்சலுக்காகவும் சிலர் ரசித்தார்கள். அந்தக் கிண்டல் வீண் போகவில்லை. ஜூலையில் பாரிஸ் மேயர் ஆன் இதால்கோ நதியில் நீந்திக் காட்டியும், தண்ணீரின் தரம் சரியில்லை என்று ஆண்கள் டிரையத்லான் ஒரு நாள் தள்ளிப்போனது. நதியில் இருந்த நிஜ வில்லன் பாக்டீரியா.

ஆனால் இந்தப் படத்தின் உண்மையான சிக்கல் உயிரியலில் இல்லை. கடலில் பிளாஸ்டிக் கொட்டுகிறோமே என்று கவலைப்பட்டுத் தொடங்கும் படம், சுறாவைக் காப்பாற்றக் கிளம்பும் இளம் போராளிகளை அப்பாவி முட்டாள்களாக்கி அதே சுறாவுக்குத் தின்னக் கொடுக்கிறது. பரிவு காட்டினால் சாவாய் என்பதுதான் அந்தக் காட்சியின் செய்தி. மாகோவை 2019-ல் அழிந்துவரும் இனமாக அறிவித்தார்கள். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் அதே வருடம் சேர்த்தார்கள். அழியும் தறுவாயில் இருக்கும் பிராணிக்கு உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் பார்த்த படத்தில் கிடைத்த வேஷம், ஊரை விழுங்கும் அரக்கி.

'ஜாஸ்' ஊரில் இப்போது

'ஜாஸ்' எடுத்த மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கேப் காட் கடற்கரை. சட்டப் பாதுகாப்பால் அங்கே கடல்நாய்கள் பெருகின. அவற்றைத் தின்ன வெள்ளைச் சுறாக்கள் திரும்பி வந்தன. 2015 முதல் 2018 வரை சுமார் 800 வெள்ளைச் சுறாக்கள் அந்தப் பக்கம் வந்துபோயின என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. 2018 செப்டம்பரில் வெல்ஃபிளீட் ஊரில் ஓர் இளைஞர் சுறா கடித்து இறந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1936-க்குப் பிறகு நடந்த முதல் சாவு.

படத்தில் வந்த அதே நிலைமை. அதே கோடைகால வியாபாரம், அதே பயம். ஊர்க்கூட்டங்களில் கோபம் வெடித்தது. கடல்நாய்களைக் குறைக்க வேண்டும், சுறாக்களைப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் குரல் எழுந்தது. ஆனால் ஊர்கள் தூண்டில் கட்டவில்லை. கடற்கரையை மூடி மறைத்து வைக்கவும் இல்லை. சுறா நடமாட்டம் உள்ள கரைகளில் ஊதா நிறக் கொடி ஏற்றுகிறார்கள், அதில் வெள்ளைச் சுறாப் படம். ரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவிப் பெட்டிகள் கரையோரம் வைக்கப்பட்டிருக்கின்றன. அடையாளக் கருவி பொருத்திய சுறா பக்கத்தில் வந்தால் போனில் ஓர் ஆப் சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரோடு நின்றுகொள்கிறார்கள்.